பந்தயக் காரைப் பாழாக்கும் பக்குவம்

பகலில் திருப்பூர் பனியன் கம்பெனியில் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியும். காலரில் ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் லாட் முழுவதையும் மறுபடி செக்கிங்குக்குத் தள்ளுகிறவர். லேப் டிப் என்னும் சாய மாதிரியை லைட் பாக்ஸுக்குள் வைத்துக் கண்ணைச் சுருக்கி, "ஷேடு கொஞ்சம் தூக்குதுங்களே" என்று சாயப்பட்டறைக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கிறவர். ராத்திரி வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் பிளாஸ்டிக் பந்தயக் கார் பெட்டியைத் திறக்கும்போது அந்த மனுஷன் எங்கே போய்விடுகிறார் என்றுதான் புரியவில்லை. போகட்டும். அவர் இல்லாமலேயே காரைக் கட்டி முடிக்கும் வழியைச் சொல்கிறேன். பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலை.

1. தப்பான பெட்டியை வாங்குங்கள்.

உங்கள் ஆசை, கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய 19-ஆம் நம்பர் மஞ்சள் ஜோர்டான். கைக்கு வருவது ஜப்பானின் தமியா கம்பெனி செய்த 1/20 அளவு ஜோர்டான் 191. அது 1991-ஆம் வருடத்துப் பச்சைக் கார். மைக்கேல் ஷூமாக்கர் பெல்ஜியத்தில் முதன்முதலாக ஃபார்முலா ஒன் ஓட்டியது அதில்தான். அதன் எஞ்சின் ஃபோர்டு வி8, நரேனுடையது டொயோட்டா வி10. இடைப்பட்ட 14 வருடத்தில் மூக்கு, இறக்கை, இடுப்பு எதுவும் பழையபடி இல்லை. இருக்கட்டும். "ஜோர்டான்னா ஜோர்டான்தான், மஞ்சள் அடிச்சா முடிஞ்சுது" என்று பணத்தைக் கட்டுங்கள். நேவி கேட்ட பையருக்குக் கறுப்பை அனுப்பிவிட்டு இப்படி ஒரு மெயில் போட உங்களுக்குத் தைரியம் வராது. வீட்டில் வரும்.

2. பாகங்களைத் திருகிப் பிடுங்குங்கள்.

கட்டர் எதற்கு? கண்ணாடி பிடிக்கும் தண்டு தீக்குச்சியைவிட மெல்லியது, விரலால் ஒரு முறுக்கு முறுக்கினால் பாதி உங்களிடமும் பாதி, பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலும் இருக்கும். ஒட்டிக்கொண்டு வரும் மொட்டுகளை அப்படியே விட்டுவிடுங்கள். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் பாகம் நெடுக ஒரு கோடு ஓடும். 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000 வரை போய்த் தேய்த்தால் போய்விடும். தேய்க்காதீர்கள். கம்பெனியில் உங்கள் செக்கிங் பெண்கள் இதைப் பார்த்தால் குறையைக் காட்டும் அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒட்டியே காரை மறைத்திருப்பார்கள். அவர்களை வீட்டுக்கு அழைத்துவிடாதீர்கள்.

3. ஃபெவிக்விக் போடுங்கள். நிறைய.

இதற்கென்று விற்கும் பசை, பிளாஸ்டிக்கின் மேல்தோலை இளக்கி இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும். அதற்கு இணைப்பின் ஓரத்தில் பிரஷ் நுனியால் தொட்டாலே போதும், தானாக உள்ளே ஓடும். பொறுமை கேட்கும் வேலை. ஃபெவிக்விக் கேட்காது. அதன் ஆவி காக்பிட்டின் குட்டிக் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து, மார்கழிப் பனியில் நிறுத்திய கார் போல ஆக்கும். யாராவது கேட்டால் மழைப் பந்தயம் என்று சொல்லுங்கள்.

4. பெயின்ட்.

இங்கேதான் திருப்பூர்க்காரருக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத வசதிகள் உண்டு.

முதலில், மஞ்சள். மஞ்சளுக்கு அடியில் இருப்பதை மறைக்கும் சக்தி குறைவு. கீழே வெள்ளை பிரைமர் சீராக இருந்தால்தான் மேலே மஞ்சள் மஞ்சளாக நிற்கும். பிரைமரை விட்டுவிடுங்கள். பழைய பச்சைக் காருக்கு மஞ்சள் அடிக்கிறோம் என்று உங்களுக்கே ஒரு நியாயம் இருக்கிறது, கொஞ்சம் பச்சை எட்டிப் பார்த்தால் வரலாற்று நேர்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஷேடுக்கு லைட் பாக்ஸ் தேவையில்லை. ராத்திரி டியூப் லைட்டில் பாருங்கள். அதைவிட நல்லது, டிங்கரிங் பட்டறைக்குப் போய் ஆட்டோவுக்கு அடிக்கும் மஞ்சளில் நூறு மில்லி வாங்கி வருவது. கூடவே என்.சி. தின்னரும் வாங்குங்கள். தகரத்துக்குச் செய்த சரக்கு அது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் பிரைமர் இல்லாமல் கனமாக அடித்தால் மேல்தோலை அரித்துப் பொடி வெடிப்பு விடும். ஜப்பானியர்கள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் செதுக்கிய ரிவெட்டுகள் எல்லாம் ஒரு மாலையில் கரைந்துபோகும்.

அடிக்கும் இடம் மொட்டை மாடி. மாதம் ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அம்மியைத் தூக்குமோ என்னவோ, பக்கத்துத் தெரு நிட்டிங் யூனிட்டின் பஞ்சைத் தவறாமல் தூக்கி வந்து உங்கள் ஈர மஞ்சளில் வைக்கும். அடிப்பதற்கு முன் காரைத் துடைக்கக் கையில் என்ன இருக்கும்? பனியன் வேஸ்ட்தான். மெஷின் எண்ணெய் துடைக்க அதைவிட நல்ல துணி உலகத்தில் இல்லை. மாடலைத் துடைத்தால் போகும் தூசியைவிட வரும் நூல் அதிகம். அரை சென்டிமீட்டர் இழை ஒன்று மூக்கில் படுத்துக்கொண்டது என்று வையுங்கள். 1/20 கணக்கில் அது 10 சென்டிமீட்டர் கயிறு. அதன் மேல் இன்னொரு கோட் அடித்து மூடுங்கள். மூடவில்லை என்றால் இன்னொன்று. கோட்டுகள் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் கனம் ஆனால், நிஜக் காரில் 2 மில்லிமீட்டர் பெயின்ட் பூசிய கணக்கு. கிராம் கணக்கில் எடை குறைக்கும் பந்தயத்தில் நரேனுக்கு நீங்கள் சிமென்ட் பூச்சு பூசி அனுப்புகிறீர்கள்.

5. டயரை அலட்சியம் செய்யுங்கள்.

2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ். மிஷலின் டயர்கள் அந்தத் தடத்தின் கடைசி வளைவைத் தாங்காது என்று ஆகிவிட, அந்த டயர் போட்ட 14 கார்களும் ஃபார்மேஷன் லாப் முடிந்ததும் பிட்டுக்குள் போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் பந்தயம் ஓடின. இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. நரேன் நாலாவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். ஒரு இந்தியர் ஃபார்முலா ஒன்னில் எடுத்த முதல் புள்ளிகள். "ஆறு பேர்தானே ஓடினாங்க" என்று இன்றைக்கும் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. ஆறு பேரில் கடைசியாக வரவும் வழி இருந்தது, அவர் வரவில்லை என்பது என் கட்சி.

ஒரு பந்தயத்தையே டயர் தீர்மானித்த காரைத்தான் கட்டுகிறீர்கள். ஆகவே டயரைக் கடைசியில், தூக்கக் கலக்கத்தில் பாருங்கள். 2005-ல் விதிப்படி ஒவ்வொரு டயரிலும் சுற்றிலும் நாலு வரிப்பள்ளம். பெட்டியில் இருப்பது 1991-இன் மொழுக்கை டயர். பிசிறு வெட்டும் ட்ரிம்மரை எடுத்து, உத்தேசமாக, நாலு கோடு கீறுங்கள். ஒன்றில் மூன்று வந்தாலும் பரவாயில்லை, அது சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கும் டயராக இருக்கட்டும்.

6. டீக்கலுக்குத் தண்ணீர் வேண்டாம், ஹீட் ட்ரான்ஸ்ஃபர் மெஷின் இருக்கிறதே.

பெட்டியில் நரேனின் டாடா லோகோ இருக்காது. அதனால் என்ன, பிரின்டிங் யூனிட் வைத்திருக்கும் மாப்பிள்ளையிடம் சொல்லி ட்ரான்ஸ்ஃபர் பேப்பரில் அடித்து வாங்குங்கள். அசல் டீக்கல் என்றால் அரை நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்து, நழுவவிட்டு, மென்மையாக்கும் திரவம் தடவி வளைவில் படியவைக்க வேண்டும். யாருக்கு நேரம்? மெஷின் 150 டிகிரியில் பத்து, பதினைந்து விநாடியில் டி-ஷர்ட்டில் ஒட்டிவிடும். பாலிஸ்டைரீன் 100 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் என்பது சின்ன விஷயம். மெஷினைத் திறக்கும்போது லோகோ கச்சிதமாக ஒட்டியிருக்கும். கார்தான் தோசைக்கல்லை விட்டு எழுந்திருக்காது.

7. தப்பிப் பிழைத்தால் கிளியர் கோட்டை ஒரே மூச்சில் ஊற்றி, டீக்கல் சுருங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

8. அழுக்கு ஏற்றுங்கள்.

பந்தயக் கார் அழுக்காக இருக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருப்பீர்கள். கறுப்பைத் தொட்டு எல்லா இடத்திலும் தேயுங்கள். நிஜத்தில் எங்கே கல் படும், எங்கே ரப்பர் தெறிக்கும் என்று பார்க்க, பல்லடம் வழியாகச் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேக்கு ஒரு ரேஸ் நாளில் போய்விட்டு வரலாம். போய்விடாதீர்கள். போனால் எஸ். கரிவர்தன் ஞாபகம் வரும். மில் குடும்பத்தில் பிறந்து, மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கி, 1995-ல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தவர். 2003-ல் திறந்த அந்தத் தடத்துக்கு அவர் பெயர். அவர் காரை நான் எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. யாராவது பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி அதை ஒழுங்காகச் செய்து காட்டினால், என்னிடம் இருக்கும் ஜப்பான் பெட்டிகளை எல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுவேன். உங்களிடமிருந்து அந்த ஆபத்து இல்லை.

9. மிச்ச தின்னரை வாஷ்பேசினில் ஊற்றுங்கள்.

2011 ஜனவரியில் வந்த உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடிக் கிடந்தபோது, "நொய்யல் ஆத்தைக் கெடுத்தது யாரு?" என்று டீக்கடையில் சத்தமாகப் பேசியவர் நீங்கள். சத்தம் இல்லாமல் ஊற்றுங்கள்.

10. ஷோகேஸில் வையுங்கள்.

சுவரை ஒட்டி, மூன்று வரி டயர் தெரியாதபடி. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருவார். கையில் எடுப்பார், இறக்கை கையோடு வரும், "முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சுங்க மாப்ள" என்பார். 1991-ஆ 2005-ஆ என்று கேட்கமாட்டார், மஞ்சளில் பஞ்சு ஏன் என்றும் கேட்கமாட்டார். கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் யாரும் கேட்கும் கேள்வியைத்தான் கேட்பார்: "பீஸ் என்ன ரேட்டுங்க ஆகும்?"

பெட்டி, கூரியர், கஸ்டம்ஸ், தின்னர், வாட்டர் பேப்பர், மாப்பிள்ளையின் மெஷினைச் சுத்தம் செய்த கூலி எல்லாம் கூட்டி ஒரு ரேட் சொல்லுங்கள். டெலிவரி தேதி மட்டும் சொல்லிவிடாதீர்கள்.