இருவர் ஆல்பத் தாமதவியல்: ஒரு நூற்பாவும் உரையும்

நூற்பா:
இருவர் பாடிய ஆல்பத்து அடுத்தது
வருவது வரைக்கும் வாரா தென்ப.

உரை: இருவர் என்றது ராப் பாடும் இரட்டையரை. அடுத்தது என்றது, எப்போது எப்போது என்று ரசிகர் நச்சரிக்கும் ஆல்பத்தை. ‘வருவது வரைக்கும் வாராது’ என்பது கூறியது கூறல் என்னும் குற்றமாகாதோ எனின், ஆகாது. வருடக்கணக்கில் காத்திருந்தவரைக் கேட்டால் அதில் ஒரு சொல்லும் மிகையில்லை என்பார் என்க.

இதற்கு எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சில் வளர்ந்த தார்ன்டன் சகோதரர்கள். அண்ணன் மாலிஸ், தம்பி புஷா டி, சேர்ந்தால் ‘க்ளிப்ஸ்’. இவர்களின் ‘டில் த கேஸ்கெட் டிராப்ஸ்’ 2009 டிசம்பரில் வந்தது. அடுத்ததான ‘லெட் காட் சார்ட் எம் அவுட்’ வந்தது 2025 ஜூலையில். இடைவெளி 16 ஆண்டு என்பது ஒரு சாரார் துணிபு. அவர்கள் ஆண்டிலிருந்து ஆண்டைக் கழித்துவிட்டுத் தூங்கப் போனவர்கள். மாதமும் பார்க்கும் எம் சாரார் 15 ஆண்டு 7 மாதம் என்று கொள்வர். இரு சாராருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தாமதத்துக்குச் சகோதரச் சண்டையே காரணம் என்ற கொள்கை நிற்காது. 2019இல் கான்யே வெஸ்ட்டின் பாட்டு ஒன்றில், கென்னி ஜியின் சாக்ஸபோன் துணையோடு, இருவரும் சேர்ந்தே பாடினார்கள். கம்பெனியே காரணம் என்பதற்குச் சற்று வலு உண்டு. 2002இல் ‘லார்ட் வில்லின்’ ஓடிய பிறகும், இசைக் கம்பெனிகள் ஒன்றோடொன்று இணைந்த குழப்பத்தில் ‘ஹெல் ஹாத் நோ ஃப்யூரி’ 2006 வரை மாட்டிக்கொண்டது. இம்முறையும் கெண்ட்ரிக் லமார் பாடிய பகுதியை மாற்றச் சொன்னது இவர்களின் கம்பெனியான டெஃப் ஜாம். மறுத்து, பணத்தைக் கட்டிவிட்டு வெளியேறினோம் என்கிறார் புஷா டி. பிறகு ராக் நேஷன் வழியே ஆல்பம் வந்தது. ஆனால் இதெல்லாம் மாதங்களுக்குத்தான் கணக்குச் சொல்லும்.

வருடங்களுக்குக் கணக்கு எம் கொள்கையில் இருக்கிறது. கொக்கெய்ன் வியாபாரத்தைப் பாடிப் பெயரெடுத்தவர்களில் அண்ணன் கிறிஸ்துவின் பக்கம் திரும்பி, 2012இல் ‘நோ மாலிஸ்’ ஆனார். பெயரில் ‘நோ’ ஒட்டியிருந்த காலத்தில் இருவர் ஆல்பம் இல்லை. ‘நோ’ உதிர்ந்தது, ஆல்பம் வந்தது. இத்தனை சுத்தமான காரண காரியம் இயற்பியலிலும் அரிது. (2009க்கும் 2012க்கும் இடையில் என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் ஆய்வின் எதிரிகள்.)

இந்தப் புது ஆல்பத்தின் இசை முழுவதும் ஃபாரெல் வில்லியம்ஸ். 2002இல் ‘கிரைண்டின்’ பாட்டுக்கு இவரும் கூட்டாளியும் போட்ட தாளத்தை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் முஷ்டியாலும் பேனாவாலும் தட்டித் தீர்த்தார்கள், நம் கடைசி பெஞ்சுக் கச்சேரி போல. இப்போது அவர் லூயி வுய்ட்டோனில் ஆண்கள் உடைப் பிரிவின் தலைவர். ஆகவே ஒலிப்பதிவு நடந்தது பாரிஸில், அந்தக் கம்பெனியின் தலைமையகத்தில்.

முதல் பாட்டான ‘த பேர்ட்ஸ் டோன்ட் சிங்’ எம் கொள்கையைக் கவிழ்க்கிறது. பெற்றோர் இருவரும் சில மாத இடைவெளியில் இறந்தார்கள். அம்மாவோடு கடைசியாகப் பேசியதைத் தம்பி பாடுகிறார். வீட்டில் இறந்துகிடந்த அப்பாவைக் கண்டதை அண்ணன் பாடுகிறார். ஆளுக்கொரு பங்கு. முன்னொட்டு ஆராய்ச்சிக்கு இங்கே வேலையில்லை. இந்தப் பாட்டை 2010இல் கேட்டிருந்தால் அவர்களிடம் இருந்திருக்காது. கொடுக்க வேண்டிய விலை அப்போது கொடுக்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் இதை வத்திக்கானில் பாடினார்கள்.

புறனடை: பிளாக் ஸ்டார் இரட்டையரின் முதல் ஆல்பம் 1998, அடுத்தது 2022, அதுவும் ஒரு பாட்காஸ்ட் செயலியில் மட்டும். அது நூற்பாவுக்குள் அடங்கும். அடங்காதது அவுட்காஸ்ட். கடைசி ஆல்பம் 2006. 2023இல் ஆந்த்ரே 3000 மட்டும் தனியே வந்தார், புல்லாங்குழலோடு. ராப் ஆல்பம் பண்ணத்தான் நினைத்தேன், காற்று இந்தப் பக்கம் அடித்துவிட்டது என்று முதல் உருப்படியின் தலைப்பே சமாதானம் சொல்கிறது. உருப்படி 12 நிமிடத்துக்கு மேல். இது வந்ததில் சேருமா, வாராததில் சேருமா என்பதை அது முடிந்த பிறகு ஆராய்வோம்.