மோர் ஊத்தாத பந்தி

ஏலே பேராண்டி, உன் அம்மா காலையிலேயே எங்கிட்ட மனு குடுத்துட்டா. “மாமா, இவன் சோறு திங்கும்போதும் போனைத் தள்ளிக்கிட்டே இருக்கான், நாலு வார்த்தை கேளுங்க”ன்னு. தாத்தா கேட்டாச்சுன்னு அவகிட்டச் சொல்லிரு. இப்ப கொஞ்சம் நகந்து உக்காரு, எனக்கும் தெரியணும்.

நான் மட்டும் என்ன யோக்கியமா? வாலிபத்துல சனிக்கிழமையானா எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில நிப்பேன். ஆடு வாங்கவா? மடியில காசு இருந்தால்ல வாங்க! பல்லைப் பாத்து வயசு சொல்றவன், இடுப்பை அமுக்கிக் கறி எத்தனை கிலோ தேறும்னு சொல்றவன், கிடாய் வாங்க வந்து மகளுக்குச் சம்பந்தம் பேசிட்டுப் போறவன்... நாலு பேர் கூடி நின்னா எட்டிப் பாப்பேன். உள்ள பாம்பாட்டியும் இருப்பான், பங்காளிச் சண்டையும் நடக்கும். எது கிடைக்கும்னு தெரியாதுல்ல, ருசியே அதுலதான்.

நேத்து மதியம் உன் போனை எடுத்தேன். சின்னவீரமங்கலத்துக்காரங்க அண்டாவுல குழம்பு கொதிக்க விடுறாங்க. 2021லயே ஒரு கோடிப் பேரைச் சேத்த யூடியூப் சமையல் கூட்டம்ல அது! தள்ளினேன். மழை வரும்னு ஒருத்தன். தள்ளினேன். வராதுன்னு ஒருத்தன். அப்புறம் வந்தான் பாரு ஒரு வெள்ளைக்காரன், மாட்டுக் குளம்பு சீவுறவன்.

நம்ம ஊர்ல லாடம் அடிக்கணும்னா காளையைக் கயித்தைப் போட்டுச் சாய்க்கணும். அவன் பசுவை இரும்புக் கூட்டுக்குள்ள நிறுத்தி, பின்னங்காலை மட்டும் வாரைப் போட்டுத் தூக்கிக் கட்டிட்டான். கத்தி போட்டா தேங்காய்ச் சில்லு மாதிரி விழுது. நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி. அதை நுனியால நோண்டிக்கிட்டே போறான். எனக்கு மூச்சே நின்னுருச்சு. படக்குன்னு சீழ் பீச்சுச்சு பாரு, மாடு ‘அப்பாடா’ன்னுச்சோ என்னவோ, நான் சொல்லிட்டேன். பெறவு நல்லா இருக்கிற பக்கத்துக் குளம்புக்கு அடியில ஒரு கட்டையைப் பசை போட்டு ஒட்டுறான். கிறுக்குப் பய, புண்ணை விட்டுட்டு நல்லதுக்கு வைத்தியம் பாக்கானேன்னு நினைச்சேன். கட்டை ஏறினா பாரம் அந்தப் பக்கம் போயிரும், புண்ணு தரையில படாது! அறுபது வருசம் மாடு கட்டினவனுக்கு இது தோணலியேலே.

முன்னெல்லாம் இணையத்துல ஒரு பக்கம் முடிஞ்சா ‘அடுத்த பக்கம்’னு அமுக்கணுமாம்ல, உன் அக்கா சொன்னா. 2006ல அசா ராஸ்கின்னு ஒருத்தர்தான் தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருக்கிற மாதிரி பண்ணினாராம். பெறவு அவரே வருத்தப்பட்டும் பேசினாராம். பந்தின்னா பாயாசம் வரும், மோர் வரும், இலையை மூடிட்டு எந்திரிப்போம். மோரே ஊத்தாத பந்தியில உக்காந்தவன் எப்பலே எந்திரிப்பான்?

இன்னொண்ணும் சொன்னா. அமெரிக்காவுல ஸ்கின்னர்னு ஒரு வாத்தியார் புறாவைக் கூண்டுல வச்சுப் பாத்தாராம். கொத்துறப்பல்லாம் தீனி விழுந்தா, வயிறு நெறைஞ்சதும் சும்மா இருக்குமாம். எப்ப விழும்னு தெரியாம எப்பவாச்சும் விழுந்தா, ஓயாமக் கொத்துமாம். கோவிச்சுக்காத, உன்னைப் புறான்னு சொல்லலை. உன் கட்டைவிரலைத்தான் சொல்றேன்.

சரி, உன் அம்மாவுக்காக ஒரு புத்தி. சந்தைக்குப் போயிட்டு வந்தவன் திண்ணையில உக்காந்து ஒரு கதையாச்சும் சொல்லணும். நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாத்தியே, என்ன பாத்தேன்னு கேட்டா முழிக்க. நான் ஒரு மாட்டைப் பாத்துட்டு ஊர் பூராச் சொல்லிட்டேன். அப்படிச் சொல்ல ஒண்ணு சிக்கினதும் போனைக் கவுத்து வச்சிரு.

என்னடா ரொம்பப் பேசுறான் கிழவன்ங்கியா? காரியம் இருக்கு. உன் ஆச்சி காப்பின்னு கூப்பிட்டா. திரும்பினேன், விரல் பட்டு அந்தக் குளம்புக்காரன் எங்கயோ போயிட்டான். சாயங்காலம் பூராத் தள்ளிப் பாத்தேன், ஆளைக் காணும். கட்டுல இருந்து இறங்கி மாடு நேரா நடந்துச்சா, நொண்டுச்சான்னு தெரியலை. அவனைத் தேடிக் குடுலே, உன் அம்மா வாரதுக்குள்ள.