சூரியனுக்கு சுவிட்ச் இல்லை

கே: மெயினை அணைத்துவிட்டால் மாடியிலுள்ள சோலார் பேனலைத் தைரியமாகக் கழற்றலாமா? (மதுரை)

ப: மெயினை நீங்கள் அணைத்தீர்கள், சூரியனை யார் அணைத்தது? வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும். வீட்டுக்கு வைக்கும் பேனல் ஒன்று சுமார் 40 வோல்ட். பத்தைத் தொடராக இணைத்தால் 400 வோல்ட் டி.சி. உயிரை எடுக்க அது தாராளம்.

கே: கனெக்டரைச் சட்டென்று பிடுங்கினால் ஒன்றும் ஆகாது என்கிறாரே எங்கள் எலக்ட்ரீஷியன்? (கரூர்)

ப: ஆகும். வீட்டு ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. அதனால் பொறி கிளம்பினாலும் அணைய வாய்ப்புண்டு. டி.சி.க்கு அந்த இடைவெளியே கிடையாது. பொறி அணையாமல் நீண்டு எரியும். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, பேனல் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான டி.சி. ஐசொலேட்டரை அணைத்த பிறகே கனெக்டரில் கை வைக்கவேண்டும். இன்னொன்று: இரண்டு கம்பெனி கனெக்டர்களை ஒன்றோடொன்று செருகவே கூடாது. பொருந்தியது போலத் தெரியும். உள்ளே தொடுப்பு தளர்ந்து சூடேறி, தீப்பிடிக்கவும் செய்யும்.

கே: பேனலைத் தலையில் வைத்து மாடியேற்றலாமா? (தென்காசி)

ப: தலை தாங்கும், பேனல் தாங்காது. வளைந்தால் செல்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். இருவர் சட்டத்தைப் பிடித்துத் தூக்கட்டும். பின்னால் தொங்கும் ஒயர் கைப்பிடியல்ல.

கே: உச்சி வெயிலில் கழுவலாமா? (வேலூர்)

ப: வேண்டாம். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். விடிகாலையில் கழுவுங்கள்.

கே: 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் போக, செலவை இன்னும் எதில் குறைக்கலாம்? (சென்னை)

ப: ஸ்டாண்டிலும் எர்த்திலும் மட்டும் குறைக்காதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் உங்கள் ஊரை என்ன செய்தது என்று பார்த்தவர்தானே நீங்கள்? சாய்த்து வைத்த பேனல் காற்றுக்குக் கப்பல் பாய் மாதிரி. கால்களைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள். செங்கல் கைப்பிடிச் சுவரை நம்பாதீர்கள்.

கே: கரன்ட் போனால் எங்கள் சோலாரும் நின்றுவிடுகிறதே, ஏமாற்றிவிட்டார்களா? (திருவாரூர்)

ப: இல்லை. பேட்டரி இல்லாமல் ஊர் மின்இணைப்போடு சேர்ந்து இயங்கும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், கரன்ட் போனால் நிற்கத்தான் வேண்டும். நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனை உங்கள் வீட்டு மின்சாரமே அடித்துவிடும்.

கே: பேனல் மாட்ட நாளை ஆட்கள் வருகிறார்கள். முதலில் என்ன கேட்கட்டும்? (ஈரோடு)

ப: "விழாமல் காக்கும் முழு உடல் பாதுகாப்புப் பட்டையும் கயிறும் கொண்டு வந்தீர்களா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் வேலையை மறுநாளுக்குத் தள்ளிப்போடுங்கள். ஒருநாள் தாமதத்தில் உங்களுக்கு நஷ்டம் சில யூனிட்டுகள்தான்.