அரைக் கோடி கொடுத்தேன், ‘டிக்’குன்னு ஒரு சத்தம்தான்!

(இந்த வாரம் வந்த கேள்விகள் பெரும்பாலும் விழுப்புரம், திண்டிவனம் பக்கம். ஒரே வியாதி: புத்தம்புது சொகுசுக் கார், ஸ்டார்ட்டிங் டிரபிள்.)

டெலிவரி எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் டேஷ்போர்டில் தீபாவளி. என்ஜின் மட்டும் மௌன விரதம். வண்டி போச்சா?
– விழுப்புரம் வாசகர்

போகவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டுதானே பட்டனை அழுத்தினீர்கள்? கோபப்படாதீர்கள், இருபது வருஷம் சாவி திருகியே பழகியவரின் கால் அதை மறந்துவிடும். கியர் ‘பி’யில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘சாவியைக் காணோம்’ என்று திரையில் வந்தால், சாவிக்குள் இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கலாம். அப்போது சாவியை ஸ்டீயரிங் தண்டுப் பக்கமோ கப் ஹோல்டரிலோ ஒட்டிப் பிடித்தால் வண்டி அடையாளம் கண்டுகொள்ளும். இடம் மாடலுக்கு மாடல் மாறும். யாருமே பிரிக்காத அந்த மேனுவலில் படம் போட்டிருப்பார்கள்.

விளக்கெல்லாம் எரிகிறது, ‘டிக் டிக்’ என்று மட்டும் சத்தம் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், முதல் குற்றவாளி 12 வோல்ட் பேட்டரி. திரையும் விளக்கும் எரியக் கொஞ்சம் கரண்ட் போதும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். மீட்டர் வைத்துப் பாருங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் சரி. 12-க்குக் கீழே என்றால் பேட்டரி கிட்டத்தட்ட காலி.

புது வண்டியில் பேட்டரி எப்படி சார் டவுன் ஆகும்?
– வளவனூர் வாசகர்

வண்டி உங்களுக்குத்தான் புதுசு. பேட்டரிக்கு வயது ஃபேக்டரியிலேயே ஓட ஆரம்பித்துவிடுகிறது. செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்களை அசெம்பிள் செய்கிறார்கள். அங்கிருந்து உங்கள் ஊர் ஜி.எஸ்.டி. ரோட்டில் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்காக வண்டி நேரே உங்கள் வாசலுக்கு வந்துவிடுமா? எந்த கம்பெனி வண்டியானாலும் யார்டில் நிற்கும், ஷோரூமில் நிற்கும். அங்கே வருகிற பிள்ளைகளெல்லாம் ஏறி உட்கார்ந்து திரையைத் தட்டும், சீட்டை முன்னே பின்னே நகர்த்தும், பாட்டுப் போடும். என்ஜின் மட்டும் ஓடாது. பூட்டி வைத்தாலும் அலாரம், சாவியைத் தேடும் ரிசீவர், உள்ளே இருக்கும் சிம் கார்டு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். அரைச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகட்டில் சல்ஃபேட் படியும். படிந்தால் படிந்ததுதான்; பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது.

மீதியை நாம் கெடுக்கிறோம். டெலிவரி எடுத்த கையோடு வெளிக்கடையில் டேஷ்கேம், கலர் லைட், ஊருக்கே கேட்கும் ஸ்பீக்கர் என்று மாட்டுவது. ஒயரை வெட்டி ஒட்டினால் கரண்ட் கசிவது ஒரு பக்கம். ‘வாரண்டி கிடையாது’ என்று சொல்ல சர்வீஸ்காரருக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுப்பது இன்னொரு பக்கம்.

எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, மலைக்குப் போய்ப் பூஜை போட்டுத்தான் எடுத்தோம்...
– மயிலம் வாசகர்

முருகன் விபத்திலிருந்து காப்பாற்றுவார். சார்ஜ் போடுவது நம் பொறுப்பு.

நாலு பேரை வைத்துத் தள்ளிப் பார்க்கலாமா?
– கோலியனூர் வாசகர்

அம்பாசிடரோடு அந்த வித்தை ரிட்டயர் ஆகிவிட்டது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது. கியர்பாக்ஸ் செலவு வேண்டுமானால் ஸ்டார்ட் ஆகும். ஜம்ப் கேபிள் போடலாம். பல சொகுசுக் கார்களில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கும். கேபிள் மாட்டும் முனை பானெட்டுக்குள் இருக்கும். சிவப்பை முதலில் மாட்டுங்கள், கறுப்பைக் கடைசியாக உலோகப் பகுதியில் கொடுங்கள். பைபாஸில் லாரிக்காரர் பரிதாபப்பட்டு வண்டியை ஓரங்கட்டினால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அவருடையது 24 வோல்ட். உங்கள் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒரே நொடியில் வறுவலாகிவிடும்.

பழைய ஜீப் ஒரே உதையில் கிளம்புகிறது. இவ்வளவு விலை கொடுத்த கார் கிளம்பவில்லை. இது என்ன நியாயம்?
– கண்டமங்கலம் வாசகர்

இதில் வேடிக்கை என்னவென்றால், சுலபமாக ஸ்டார்ட் ஆவதுதான் சொகுசுக் கார்கள் விற்ற பழைய சொகுசுகளில் ஒன்று. அதற்கு முன்னால் முன்பக்கம் இரும்புக் கம்பியை விட்டுச் சுற்ற வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரை 1912 மாடலில் பொருத்தி விற்றது கேடிலாக். நூறு வருஷம் கழித்து உங்கள் காரில் பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டருக்குக் குறையாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் ஃபைல் நகரும். தாலுகா ஆபீஸ் போய் வந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

என்னுடையது எலெக்ட்ரிக் கார். அடியில் அவ்வளவு பெரிய பேட்டரி ஃபுல் சார்ஜ். ஆனாலும் வண்டி அசையவில்லை. எப்படி?
– திண்டிவனம் வாசகர்

அதற்குள்ளும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. அதுதான் கம்ப்யூட்டரை எழுப்பும். கம்ப்யூட்டர் எழுந்தால்தான் பெரிய பேட்டரியின் இணைப்பு சேரும். திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்குக் கால் இல்லை. நடக்கிறவர் தோளில் பார்க்கிறவர் உட்கார்ந்தால்தான் பயணம். உங்கள் பெரிய பேட்டரி நடக்கிறவர். தோளில் இருக்கிற சின்னவரை அடுத்த சர்வீஸில் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள்.

எலி ஒயரைக் கடித்துவிட்டது. வாரண்டியில் வருமா?
– கரும்பு விவசாயி, முண்டியம்பாக்கம்

வராது. எலியின் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தேய்க்க எதையாவது கடித்தாக வேண்டும். என்ஜின் சூட்டுக்கு வந்து தங்கும், தங்கிய இடத்தில் மெல்லும். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். கடித்த ஒயரை மாற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை வைக்கோல் போர் பக்கம் நிறுத்தாதீர்கள்.

‘எங்க வண்டியில குறையே இல்ல சார், சத்தியமா’ என்கிறார் ஷோரூம்காரர். எங்கள் ஊர் வட்டப்பாறைக்குக் கூட்டிவரட்டுமா?
– திருவாமாத்தூர் வாசகர்

கூட்டிவாருங்கள், ஆனால் அவர் கையில் தடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயில் வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்தால் தப்ப முடியாது என்பது அந்த வட்டாரத்து நம்பிக்கை. பணத்தகராறில் அண்ணனும் தம்பியும் அங்கே வந்த கதையைச் சொல்வார்கள். ஏமாற்றியவன் பணத்தைக் கைத்தடிக்குள் ஒளித்து, ‘இதைக் கொஞ்சம் பிடி’ என்று தடியை ஏமாந்தவன் கையில் கொடுத்துவிட்டு, ‘பணம் என்னிடம் இல்லை, அவனிடம்தான் இருக்கிறது’ என்று அடித்துச் சத்தியம் செய்தான். வார்த்தைக்கு வார்த்தை உண்மை! திரும்பிப் போகிற வழியில் பாம்பு கடித்தது என்று கதை முடியும்.

சர்வீஸ் சென்டரிலும் இந்தத் தடி வித்தை நடக்கும். ‘எங்ககிட்ட வந்தப்ப ஸ்டார்ட் ஆச்சு சார்’ என்பார்கள். டோ பண்ணிக் கொண்டுவந்து, சார்ஜ் ஏற்றிய பிறகு ஸ்டார்ட் ஆயிற்று என்பதைச் சொல்ல மாட்டார்கள். ‘நீங்க டெய்லி ஓட்டல சார்’ என்பார்கள். அதாவது, தடி இப்போது உங்கள் கையில். ஆகையால் சத்தியம் வேண்டாம், ஜாப் கார்டு வாங்குங்கள். வண்டி உள்ளே போன தேதி, கிலோமீட்டர், ‘ஸ்டார்ட் ஆகவில்லை, டோ செய்து வந்தது’ என்று உங்கள் வார்த்தையிலேயே புகார், என்ன மாற்றினார்கள், எப்போது திரும்பக் கொடுத்தார்கள், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்று தடவை விட்டாயிற்று. புது வண்டியே கொடு என்று கேஸ் போட்டால் ஜெயிக்குமா?
– விக்கிரவாண்டி வாசகர்

அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 1982-ல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கி வைத்தது. நான்கு முறை ரிப்பேர் பார்த்தும் தீரவில்லை என்றால் வண்டியை மாற்று, இல்லையேல் பணத்தைக் கொடு. நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2006-ல் ஒரு மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி சொல்வது பழுதான பாகத்தை மாற்றத்தான், முழு வண்டியை மாற்ற இல்லை என்றது. தயாரிப்பிலேயே குறை என்று நிபுணர் அறிக்கையோடு நிரூபித்தால் கதை வேறு.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பீர்கள். ஐதராபாத் கதையைக் கேளுங்கள். ஒரு நிறுவனம் 2009 செப்டம்பர் 25 அன்று பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் வாங்கியது. நாலாம் நாள் பெரிய கோளாறு, ஒர்க் ஷாப். நவம்பர் 13 மறுபடியும். 16-ம் தேதி மோசடிப் புகார். 2012 மார்ச்சில் உயர் நீதிமன்றம் கிரிமினல் வழக்கை ரத்து செய்துவிட்டு, ‘புது வண்டி கொடு’ என்றது. கம்பெனி தரத் தயார் என்று கடிதம் எழுதியது. வாங்கியவர்களோ வண்டி வேண்டாம், வட்டியோடு பணம் வேண்டும் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2024 ஜூலை 10 அன்று தீர்ந்தது: கம்பெனி 50 லட்சம் கொடுக்க வேண்டும். பதினைந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். என்னைக் கேட்டால், 2012-லேயே அந்தப் புது வண்டியை வாங்கிக்கொண்டிருக்கலாம்.

உங்களுக்கு: கிரிமினல் புகார் பக்கம் போகாமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை சென்னையில் மாநில ஆணையம். ஷோரூம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற ஊர்க் கணக்கில் வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

காரில் கழுதையைக் கட்டி ஷோரூம் வாசலுக்கு இழுத்துப் போகலாம் என்று இருக்கிறேன்!
– செஞ்சி வாசகர்

2019 டிசம்பரில் உதய்ப்பூரில் ஒருவர் செய்துவிட்டார். வீடியோ ஊர் சுற்றியது, கம்பெனி அவர் மேல் சட்ட நடவடிக்கை என்று கிளம்பியது. கழுதைக்குக் கூலி கொடுக்கிற காசில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம்.

அடுத்த மாதம் எனக்கு டெலிவரி. ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள்.
– மரக்காணம் வாசகர்

ரிப்பன், கேக், போட்டோ எல்லாம் முடியட்டும். வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு, அவர்கள் கொடுக்கும் காபியைக் குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள், இரண்டு சாவியிலும். பேட்டரி டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வண்டி எந்த மாதம் தயாரானது என்று பாருங்கள். டெலிவரி நோட்டில் கையெழுத்து அதற்கப்புறம் போடுங்கள்.