கடவுச்சொல் மறந்தவரின் கணக்கு மீட்பு

கடவுச்சொல்லை மறந்தவருக்கு மின்னஞ்சல் நிறுவனம் அதை எடுத்துச் சொல்லாது. அதற்கே தெரியாது என்பதுதான் காரணம். ஒழுங்கான நிறுவனம் எதுவும் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை, ‘ஹாஷ்’ செய்துதான் வைக்கும். இட்லி மாவிலிருந்து அரிசியைப் பொறுக்க முடியாத மாதிரி, ஹாஷிலிருந்து பழைய சொல் திரும்ப வராது. கணக்கு இன்னாருடையதுதான் என்று கணினியை நம்ப வைத்து, புதுச் சொல் போட்டுக்கொள்வதே மீட்பு.

சித்தூர், திருப்பதிப் பக்கம் இப்படி நம்ப வைப்பது கொஞ்சம் சிரமம். இங்கே பலருடைய கணக்கு பிறந்த இடம் நெட் சென்டர். இன்டர் முடித்த பையன் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்க வருகிறான். படிவம் மின்னஞ்சல் கேட்கிறது. கடை அண்ணா பையனின் பெயரையும் பிறந்த வருடத்தையும் சேர்த்துத் தட்டுகிறார். கடவுச்சொல், அதே பெயரோடு 123. செல் நம்பர் கேட்கும் கட்டத்தில் பையனிடம் போன் இல்லாததால் அண்ணாவின் நம்பரே போய் உட்காருகிறது. எல்லாவற்றையும் ஹால் டிக்கெட் ஜெராக்ஸின் பின்பக்கம் எழுதித் தந்துவிடுகிறார். பல வருடம் கழித்துப் புதுப் போன் அந்தக் கடவுச்சொல்லைக் கேட்கும்போது ஜெராக்ஸ் இருக்காது. சில சமயம் கடையும் இருக்காது.

பதிவான எண்ணுக்கோ மாற்று மின்னஞ்சலுக்கோ குறியீடு அனுப்புவதுதான் இப்போதைய முக்கிய வழி. ரீசார்ஜ் இல்லாமல் சிம் செத்திருந்தால், 90 நாளுக்குப் பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். அவரைக் கூப்பிட்டு, “ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கண்ணா” என்று கேட்டால் திருடன் என்றுதான் நினைப்பார். நினைக்கவும் வேண்டும்.

முன்பெல்லாம் பாதுகாப்புக் கேள்விகள் இருந்தன. தாயாரின் பிறந்தகத்துக் குடும்பப் பெயர் என்ன என்ற கேள்விக்குத் தெலுங்கு வீடுகளில் ‘இண்டி பேரு’ தயாராக இருக்கும். இனிஷியலோடு நிற்கும் தமிழ் வீட்டுப் பிள்ளை தாத்தா பெயரைப் போடுவதா, ஊர்ப் பெயரைப் போடுவதா என்று விழிப்பான். பிடித்த உணவு எது என்பது இன்னும் மோசம். ஆங்கிலம் பேசுவோரின் பதிலை ஒரே ஊகத்தில் பிடிக்க 19.7 சதவீத வாய்ப்பு உண்டு என்று கூகுளின் 2015 ஆய்வு கண்டது. சித்தூரில் ராகி சங்கட்டி என்று அடித்துப் பார்த்தால் எத்தனை கணக்கு திறந்திருக்குமோ! மீட்புக்கு இந்தக் கேள்விகளைக் கூகுள் கைவிட்டுவிட்டது.

வழக்கமான கருவியில், வழக்கமான இடத்திலிருந்து முயல வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை. ஆகவே சித்தூர்க்காரர் வீட்டுப் பழைய லேப்டாப்பைத் தூசு தட்டுவது புத்திசாலித்தனம். திருமலை அறையில் இரவல் போனை வைத்துக்கொண்டு போராடுவது வீண். தரிசனத்துக்குப் போகிறவர் போனை டெபாசிட் கவுன்டரில் கொடுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து வீட்டம்மா சித்தூரில் மீட்பைத் தொடங்கினால், சில நிமிடமே உயிர் உள்ள குறியீடு கவுன்டரில் கிடக்கும் போனுக்கு வரும். போன்காரர் வைகுண்டம் க்யூ காம்ப்ளக்ஸில் பால் வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் முடியாது. 2 வருடம் தொடாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கிவருகிறது.

கணக்கு திறந்ததும் சொந்த எண்ணைப் பதிய வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்களுக்கு 8 இலக்கக் காப்புக் குறியீடுகள் 10 கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒரே தடவைதான் செல்லும். அவற்றைத் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம், நெட் சென்டரில் அல்லாமல்.