செருப்புத் திருடனும் சம்பந்தி வீட்டாரும்

வாடே ராசா, உக்காரு. ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்ச? நான் திண்ணையில படுத்து எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். ஏழு வரைக்கும் சரியா வந்துச்சு, அதுக்கப்புறம் வில்லுப்பாட்டுச் சத்தத்துல கணக்கு தப்பிட்டு. கொடைக்கு வந்த சனமெல்லாம் சாமியப் பாத்துச்சு. நீ கக்கூஸ் கதவைப் பாத்த. அவங்கவங்களுக்குக் கிடைச்ச தரிசனம்.

முந்தாநாள் கார்ல வந்து இறங்கும்போது என்ன சொன்ன? “தாத்தா, எனக்கு இம்யூனிட்டி ஜாஸ்தி, கல்லைத் தின்னாலும் செரிக்கும்”ன. கல்லைத் தின்னிருந்தா செரிச்சிருக்கும்டே. நீ தின்னது மத்தியானம் வாங்கி, வெயில்ல நின்ன கார் டிக்கியில வச்சு, ராத்திரி எட்டு மணிக்குச் சூடுபண்ணின ஃப்ரைட் ரைஸ். கல்லுக்கு அந்தக் கெட்ட குணமெல்லாம் கிடையாது.

எட்டு மணிக்குத் தின்ன, பதினோரு மணிக்குக் கக்கின. முப்பத்தோரு வருசம் சுகாதார ஆய்வாளரா ஊர் ஊராக் கிணத்துக்கு பிளீச்சிங் பவுடர் போட்டவன் சொல்லுதேன், கேளு. வாந்தி பேதி வந்த வீட்டுல நான் நாடியப் பிடிக்க மாட்டேன், மணியத்தான் கேப்பேன். தின்னு ஆறு மணிநேரத்துக்குள்ள வாந்தி அள்ளுதுன்னா, பெரும்பாலும் ரெண்டு பேர் மேலதான் சந்தேகம். ஒருத்தன் ஸ்டாஃபிலோகாக்கஸ், சமைச்சவன் கைப்புண்ணுல, மூக்குல இருந்து வாறவன். இன்னொருத்தன் பசில்லஸ் சீரியஸ், சோத்துக்காரன். இவனோட வித்து உலை கொதியில சாகாது. வெந்த சோறு வெதுவெதுன்னு கிடந்தா முளைச்சு எந்திரிச்சு, அங்கனயே விஷத்தைக் கழிச்சு வச்சிருவான். அந்த விஷம் 121 டிகிரி சூட்டையும் தாங்கும். நீ மைக்ரோவேவ்ல ரெண்டு நிமிசம் சுத்தவிட்டியே, அதுக்கு அது ராட்டினம் ஏறி இறங்கின மாதிரி.

ஒன் இம்யூனிட்டி பாவம், அதுக்கு இதுல வேலையே வரல. ஆளே உள்ள வராம மொட்டைக் கடுதாசி மட்டும் வந்தா யாரப் போய்ப் பிடிக்க? குடல் நரம்பு மூளைக்குத் தந்தி அடிச்சுச்சு, மூளை “எல்லாத்தையும் வெளிய கொட்டு”ன்னு உத்தரவு போட்டுச்சு. ஒன் மூளை இந்த வருசத்துல செஞ்ச உருப்படியான வேலை அதுதான்.

ஒன் சேக்காளி கதை வேற. உள்ள போத்திக்கிட்டு முனகுதானே, அவனும் நீயும் ஒரே பந்தின்னு நினைக்காத. அவன் மெட்ராஸ்லயே பச்சை முட்டை மயோனைஸைத் தின்னுட்டுத்தான் கார் ஏறியிருக்கான். தமிழ்நாட்டு அரசு 2025 ஏப்ரல் 8-ல இருந்து ஒரு வருசத்துக்கு அதை விக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சுல்லா? இவன் யூடியூபைப் பாத்து வீட்டுலயே அடிச்சுக்கிட்டான். சட்டத்துக்கு டிமிக்கி குடுத்தாச்சு, சால்மோனெல்லாவுக்குக் குடுக்க முடியல. ஒண்ணரை நாள் கழிச்சுக் காய்ச்சல், வயித்து வலி, வயித்தால போக்கு. டெஸ்ட் எடுக்காம அடிச்சுச் சொல்லக் கூடாது, ஆனா மணியும் முட்டையும் அவன் பேரைத்தான் சொல்லுது. இங்கதான் நீ பீத்திக்கிட்ட இம்யூனிட்டி வேலை செய்யுது.

குடலைக் கோட்டைன்னும் வெள்ளணுவைப் படைன்னும் ஒங்க பள்ளிக்கூடத்துல சொல்லியிருப்பான். கோட்டையாம் கோட்டை! அது கல்யாண வீடுடே. தினம் மூணு பந்தி. வாறது பூராவும் அந்நியச் சரக்கு. ஆடு, கோழி, பருப்பு, பக்கத்து இலைக்காரன் தும்மினது எல்லாம் வரும். வாற ஒவ்வொருத்தனையும் அடிச்சு விரட்டினா கல்யாணம் நடக்காது, நீ பட்டினியில சாவ. அதனால சம்பந்தி வீட்டாரைச் சிரிச்சு உக்காத்தி வைக்கணும், அந்தக் கூட்டத்துலயே செருப்புத் திருடனையும் பிடிக்கணும். ஒடம்புல இருக்க எதிர்ப்பு அணுக்கள்ல பெரும்பங்கு ஏன் குடலைச் சுத்தியே குடியிருக்குன்னு இப்பப் புரியுதா?

வாசல்ல முதல் ஆளு எச்சில். அதுல லைசோசைம்னு ஒரு சரக்கு கிருமித் தோலை அரிக்கும். 1922-ல அதைக் கண்டு சொன்னவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங், பென்சிலினுக்கு முந்தியே. அடுத்தது இரைப்பை அமிலம். நெறைய திருடன் அங்கயே கரைஞ்சு போவான். ஆனா நீ என்ன செய்யுத? ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தின்னுட்டு நெஞ்சு கரிக்குன்னு அமிலத்தை அடக்குற மாத்திரையை டாக்டரைக் கேக்காமலே தினம் முழுங்குத. வாசக்காரனுக்குத் தூக்க மாத்திரை குடுத்துட்டு வீட்டுக்குள்ள களவு போச்சுங்க. அந்த மாத்திரையத் தொடர்ந்து திங்கவங்களுக்கு சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் தொத்தற ஆபத்துக் கூடுதல். ஷிகெல்லா மாதிரி சில பயக அமிலத்துக்கே மசிய மாட்டான். பத்து நூறு பேரு உள்ள போனாப் போதும், சீதபேதிதான்.

அமிலம் தாண்டி வந்தா வழுவழுன்னு சளிப்படலம். அதுக்குள்ள ஐஜிஏன்னு ஒரு எதிர்ப்பொருள், நாளொண்ணுக்கு மூணு கிராமுக்கு மேல ஒடம்பு செஞ்சு விடுது. இவன்தான் எனக்குப் பிடிச்ச ஆளு. சத்தம் போட மாட்டான், கை நீட்ட மாட்டான். “வாங்க வாங்க”ன்னு கிருமியக் கையைப் பிடிச்சு, நாலஞ்சு பேரை ஒண்ணாக் கோத்து, பின்வாசல் வழியா வெளிய கொண்டு விட்டுருவான். பந்தியில இருக்கவனுக்குச் சேதியே தெரியாது. நம்மூர்ல நாட்டாமைக்கு இந்தப் பக்குவம் இருந்திருந்தா பாதி கேசு கோர்ட்டுக்குப் போயிருக்காது.

இன்னொரு வேடிக்கை கேளு. சிறுகுடல்ல அங்கங்க திட்டுத் திட்டா இருக்கும், பேயர் திட்டுன்னு பேரு. பேய்க்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. 1677-ல அதை விவரிச்சு எழுதின சுவிஸ் வைத்தியரோட பேரு அது. அந்தத் திட்டு மேல எம் செல்னு ஒரு ஜன்னல். போற வாறவனை ஒண்ணு ரெண்டு பேரை உள்ள இழுத்து, “இவன் யாருன்னு பாருங்க”ன்னு எதிர்ப்பு அணுக்கிட்ட காட்டத்தான் அது இருக்கு. சால்மோனெல்லா கெட்டிக்காரன், அந்த ஜன்னல் வழியாவே உள்ள குதிப்பான். உள்ள மேக்ரோஃபேஜ்னு ஒருத்தன், கிருமிய அப்படியே விழுங்குறவன், நிப்பான். சால்மோனெல்லா அவன் வயித்துக்குள்ளயே பாயைப் போட்டுப் படுத்துக்கிடுவான்.

அப்பத்தான் வீடு கலவரமாகுது. வெள்ளணு விடுற சைட்டோகைன் மூளைக்குப் போய்ச் சூட்டைக் கூட்டச் சொல்லும். ஒன் சேக்காளி குளிர்ல நடுங்குதான் பாரு, அது ஒடம்பு தானே வச்ச அடுப்பு. கல்லீரல் ஹெப்சிடினைச் சுரந்து ரத்தத்துல இருக்க இரும்பை ஒளிச்சு வைக்கும், கிருமிக்கும் அது வேணும்லா. ஒன் அத்தை பிள்ளைக வருதுன்னு தெரிஞ்சதும் ஒங்க ஆச்சி முறுக்கு டப்பாவைப் பரண்ல ஏத்துவாளே, அதே தந்திரம். ஆனா எரியுற வீட்டுல பிடுங்குறதுல சால்மோனெல்லாவை அடிச்சுக்க ஆள் கிடையாது. வெள்ளணு மூட்டுற அழற்சியில டெட்ராதயோனேட்னு ஒண்ணு உண்டாகுது. அதை வச்சே இவன் மூச்சு விட்டு, குடல்ல இருக்க நல்ல பாக்டீரியாக்களை முந்திக்கிட்டுப் பெருகுவான். 2010-ல இதைக் கண்டுபிடிச்சாங்க. நம்மாளு வச்ச தீயில அவன் குளிர் காயுதான்.

“ஒரு தடவை வந்தா அடுத்த தடவை வராதுல்லா தாத்தா?”ன்னு இளிக்காத. ஒடம்பு வந்தவன் மூஞ்சிய ஞாபகம் வச்சுக்கிடத்தான் செய்யும். ஆனா சால்மோனெல்லாவுல மட்டும் 2,500 வகைக்கு மேல. மீசையை மாத்திக்கிட்டு வருவான்.

“எனக்கு ஒண்ணும் ஆகல”ன்னு சொல்லுதவனைக் கண்டாத்தான் எனக்குப் பயம். நியூயார்க்ல மேரி மாலன்னு ஒரு சமையக்காரி இருந்தா. டைஃபாய்டுக் கிருமி அவ ஒடம்புல குடியிருந்துச்சு, அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்ல. அவ சமையலைத் தின்ன வீடெல்லாம் படுத்துச்சு. 1907-ல பிடிச்சுத் தீவுல வச்சாங்க. 1910-ல “இனி சமைக்க மாட்டேன்”னு வாக்குக் குடுத்ததும் விட்டாங்க. பேரை மாத்திக்கிட்டு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி அடுப்படிக்கே போயிட்டா. 1915-ல மறுபடி பிடிச்சு, 1938-ல சாவுற வரைக்கும் தீவுதான். அவளைப் பாத்தாப் பாவமாத்தான் இருக்கு. ஆனா நீ நாளைக்குப் பாயசம் கிண்டுதேன்னு அடுப்படிக்குப் போகாத.

இப்ப அந்தச் சட்டைப்பையில இருக்க மாத்திரையை எடு. பேதியை நிறுத்துறதா? நல்லாருக்கு, திருடன் உள்ள இருக்கும்போது கதவைப் பூட்டுற யோசனை. காய்ச்சலோ ரத்தமோ இருந்தா அதைத் தொடவே கூடாது. இது என்ன, ஆன்டிபயாடிக்கா? மெடிக்கல் கடைத் தம்பி டாக்டருக்கு எப்பப் படிச்சான்? சாதாரண சால்மோனெல்லாப் பேதிக்கு நல்ல திடமான ஆளுக்கு அது தேவையே இல்ல. திருடனை விட்டுட்டு வீட்டு வேலைக்காரன அடிச்சுக் கொல்லும்.

ஒனக்கு வேண்டியது உப்பும் சக்கரையும் கலந்த தண்ணி. சக்கரை குடலுக்குள்ள போகும்போது உப்பையும் கையோட கூட்டிட்டுப் போகும், பின்னால தண்ணி தானாப் போகும். 1971-ல வங்காளத்து அகதி முகாம்ல காலரா வந்தப்ப, திலீப் மகாலனாபிஸ்னு ஒரு டாக்டர் இதை டிரம்முல கலக்கிக் குடுத்து, நூத்துக்கு 30 இருந்த சாவை நாலுக்குக் கீழ கொண்டாந்தார். பொட்டலத்துல ஓ.ஆர்.எஸ்.னு போட்டிருக்கும். இல்லேன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலை தட்டி. கூட்டிப் போட்டு வீரம் காட்டாத.

என்ன முழிக்க? “நீங்க மட்டும் பழைய சோறு திங்கீங்களே”ன்னா? கேப்பன்னு தெரியும். தண்ணி ஊத்தி வச்ச சோறு ராத்திரியோட புளிக்கும், அந்தப் புளிப்பு சோத்துக்காரப் பயலை லேசுல வளர விடாது. ஒன் பொட்டலத்துல புளிப்பு எங்க இருக்கு? அதுக்காக எங்க பாட்டன் நுண்ணுயிரியல் படிச்சவர்னு வாட்ஸ்அப்ல போட்டுத் தொலைக்காத. பழையதும் ரெண்டு நாள் கிடந்தா நாறத்தான் செய்யும்.

செம்புல தண்ணி கலக்கி வச்சிருக்கேன், கொஞ்சம் கொஞ்சமாக் குடி. அவனுக்கும் கொண்டு போ. ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ, போறதுல ரத்தம் தெரிஞ்சாலோ, தலை சுத்தினாலோ ஒடனே என்னைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம். முதல்ல சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. அப்புறம் கார்ல மிச்சம் கிடக்குல்லா ஃப்ரைட் ரைஸு, அதைக் குழி தோண்டிப் புதைச்சிரு. காலையில நாய்க்கு ஒரு பிடி வச்சுப் பாத்தேன். மோந்து பாத்துட்டுப் போயிட்டு.