ஹேவ்லாக்கில் குக்கர் வைப்பது எப்படி?

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போய் ஸ்கூபா பண்ணுவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். ஒரு டைவுக்கு ஆகும் பணத்தைக் கேட்டதும் தலை சுற்றியது. அடுத்த நிமிடமே, ‘சாப்பாட்டில் மிச்சம் பிடித்துவிடலாம்’ என்று ஒரு யோசனையும் வந்தது. ஆக, வேண்டியது குறைந்த வாடகையில் சமையலறையோடு ஓர் அறை. சரியான வழியில்தான் போகிறீர்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

1. மாதத்தைப் பார்க்காதீர்கள், வாடகையைப் பாருங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும், அறை விலையும் ஏறியிருக்கும். ஜூலையில் அதே அறை சல்லிசாகக் கிடைக்கும். கூடவே தென்மேற்குப் பருவமழை இலவசம். படகு டிக்சன்ஸ் பினக்கிள் என்ற டைவ் தளத்தின் பக்கம் போகாது; சில நாள் கரையை விட்டே நகராது. நாள் முழுக்கச் சமைக்கலாம்.

2. தேடும்போது ‘ஹேவ்லாக்’ என்று ஒருமுறையும் ‘ஸ்வராஜ் தீவு’ என்று ஒருமுறையும் தேடுங்கள். 2018 டிசம்பரில் பெயர் மாறியது தெரியாததுபோல, ஒரே விடுதியை இரண்டு விலையில் இரண்டு முறை பதிவு செய்யுங்கள். விலை குறைந்த பதிவை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

3. போன் பண்ணாதீர்கள். சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கடலடிக் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்டில் திறந்துவைத்து, ஹேவ்லாக் வரை இணைத்துவிட்டார்கள். அவ்வளவு பாடுபட்டது நீங்கள் படம் பார்த்துப் பணம் கட்டுவதற்குத்தான். அறைக்காரரைக் கூப்பிட்டு, ‘அடுப்பு இருக்கிறதா, அதில் கேஸ் இருக்கிறதா, ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா?’ என்று கேட்பதற்கு இல்லை. படத்தில் மேடை தெரிந்தால் சமையலறை. மேடைமேல் எலக்ட்ரிக் கெட்டில் தெரிந்தால் முழுச் சமையலறை. நம்புங்கள்.

4. இடம் எங்கே என்பது ரொம்ப முக்கியம். ஆகவே அதைக் கடைசியாகப் பாருங்கள். அந்தத் தீவில் ஊர்களுக்கும் கடற்கரைகளுக்கும் எண்தான் பேச்சுவழக்கு. படகுத்துறை ஒன்றாம் நம்பர். சந்தை மூன்றாம் நம்பர், அதாவது கோவிந்த் நகர். ஐந்தாம் நம்பர் விஜய் நகர். டைவ் கடைகளில் பெரும்பாலானவை இந்தக் கிழக்குக் கரையோரம்தான். ஆகவே நீங்கள் ஏழாம் நம்பர் ராதாநகர் பக்கம் அறை எடுங்கள். 2004-இல் ‘டைம்’ பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்ன இடம். மேற்குக் கரை, படகுத்துறையிலிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். டைவ் படகு காலை ஆறரைக்குக் கிளம்பும் என்றால், விடியும்போதே ஆட்டோ பிடிக்க வேண்டும். அறையில் மிச்சம் பிடித்ததை ஆட்டோக்காரரிடம் எண்ணிக் கொடுங்கள்.

5. மூட்டை கட்டும் கலை. விமானத்தில் பதினைந்து கிலோ. மூன்று லிட்டர் குக்கர், ஐந்து கிலோ பொன்னி அரிசி, துவரம்பருப்பு, சாம்பார்ப் பொடி, வத்தல், அப்பளம். புளிக்காய்ச்சல் பாட்டிலைக் கைப்பையில் வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் அதை வெளியே எடுத்து, மூடியைத் திருகி, மோந்து பார்க்கும் அதிகாரியின் முகத்தைத் தவறவிடாதீர்கள். எடை கூடிப்போனால் முகத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் உங்கள் சொந்த டைவ் மாஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள். அங்கே வாடகைக்குக் கிடைக்கும். மூக்கோரம் கொஞ்சம் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். குக்கர் யார் வாடகைக்குத் தருவார்கள்?

கேஸ் சிலிண்டர் விமானத்தில் ஏறாது. எனவே இண்டக்‌ஷன் அடுப்பு, 2,000 வாட். தீவின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருவது, குடிசை அறையின் வயரிங்கோ ஒரு பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் போட்டது. குக்கரை ஏற்றி, அடுப்பை முழு வேகத்தில் வையுங்கள். முதல் விசிலுக்கு முன்பே வரிசையில் இருக்கும் எல்லாக் குடிசைகளும் இருண்டுவிடும். எதிர்க் குடிசைக்காரர்கள் டார்ச்சோடு வெளியே வரும்போது நீங்களும் போய், ‘என்ன ஊருங்க இது?’ என்று கேளுங்கள்.

6. காய்கறியை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்பது நல்ல யோசனை. மதிய விமானத்தில் போர்ட் பிளேரில் இறங்குங்கள் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்). கடைசிப் படகு போயிருக்கும். ஓர் இரவு அங்கேயே தங்க வேண்டும். அந்த வாடகையைக் கணக்கில் எழுதாதீர்கள். அபர்டீன் பஜாரில் தமிழிலேயே பேரம் பேசலாம், கடைக்காரர்களில் நம்மவர்கள் நிறைய. ஆனால் பேரம் படியாது. சென்னையிலிருந்து நீங்கள் இரண்டு மணி நேரத்தில் பறந்து வந்த தூரத்தை, அங்கே இருக்கும் வெங்காயம் மூன்று நாள் கப்பலில் கடந்து வந்திருக்கிறது. பயணப்படி கேட்கத்தான் செய்யும்.

7. டைவ் நாள் காலை. இங்கேதான் சமையலறை தன் அருமையைக் காட்டும். இந்தியாவுக்கெல்லாம் ஒரே கடிகாரம் என்பதால் அங்கே ஐந்து, ஐந்தரைக்கே விடிந்துவிடும்; நீங்கள் மூன்றரைக்கு எழுந்திருங்கள். நெய் சொட்டச் சொட்ட வெண்பொங்கல், முந்திரி தாராளமாக. வெறும் பிரெட்டும் வாழைப்பழமும் போதும் என்று டைவ் கடைக்காரர் சொல்லியிருப்பார். அவருக்குச் சமைக்கத் தெரியாது. இரண்டு கரண்டி கூடப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, படகில் டீசல் புகை வரும் பக்கமாக உட்காருங்கள்.

தண்ணீருக்குள் வாந்தி வந்தாலும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கக் கூடாது, அதற்குள்ளேயே வாந்தி எடுக்கலாம் என்று பயிற்சியாளர் கரையிலேயே சொல்லித் தந்திருப்பார். அப்போது சிரித்தீர்கள். இப்போது வரிவரியாகச் சின்ன மீன்கள் உங்கள் முகத்தைச் சுற்றி மொய்க்கின்றன. மிளகை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பொறுக்குகின்றன.

8. பன்னிரண்டு மீட்டர் ஆழத்தை அடைந்ததும், அடுப்பை அணைத்தோமா என்று யோசியுங்கள். சரியான நேரம் அதுதான். எதிரே கடல் சாமந்திக்குள் கோமாளி மீன் குடும்பத்தோடு குளித்துக்கொண்டிருக்கும். பயிற்சியாளர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி ‘எல்லாம் சரியா?’ என்று கேட்பார். காதுவலிக்குக் கையசைவு உண்டு, காற்று குறைந்தால் உண்டு, மேலே போகக் கட்டைவிரலைத் தூக்கினால் போதும். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்பதற்கு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மூச்சை வேகவேகமாக இழுத்து, சிலிண்டரை மற்றவர்களுக்கு முன்னால் காலி செய்து, எல்லோரையும் சீக்கிரம் மேலே கூட்டிவாருங்கள்.

9. மதியம் கரைக்கு வந்தால் அகோரப் பசி. உடம்பு குளிர்ந்து, கை கால் சோர்ந்து, கண் சொக்கும். இப்போது சாம்பார் வையுங்கள். முதலில் பருப்பை ஊறப்போடுங்கள். நனைந்த வெட்சூட்டை அடுப்புக்கு மேலே கொடிகட்டிக் காயப்போடுங்கள். ரப்பர் வாசம் தாளிப்போடு நன்றாகச் சேரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். பின்கட்டில் விடுதிக்கார அம்மா அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்து, மீனை இரண்டு கையாலும் பிடித்துத் துண்டு போடுவார். அந்தத் தீவில் 1950-களில் குடியேற்றப்பட்ட கிழக்கு வங்காளக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. மஞ்சளும் உப்பும் தடவி, கடுகு எண்ணெய் புகையும்வரை காயவைத்து, மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக விடுவார். ‘தீதி (அக்கா), நாளைக்கு எங்களுக்கும் சேர்த்து வையுங்கள்’ என்று முந்தின நாள் இரவே ஒரு வார்த்தை சொன்னால் போதும், சோறும் பருப்பும் மீனும் சாலைக்கடை விலைக்கே தட்டில் வந்துவிடும். சொல்லிவிடாதீர்கள். சொன்னால் குக்கரை ஏன் சுமந்துவந்தோம் என்ற கேள்வி வரும்.

(மாதக்கணக்கில் தங்கி டைவ்மாஸ்டர் படிப்பவர்களுக்குச் சமையலறை நிஜமாகவே வேண்டும். அவர்கள் ஊருக்குள் விசாரித்து மாத வாடகைக்கு வீடு பிடித்து, அந்த ஊர் அரிசியையே வாங்கிப் பொங்கித் தின்கிறார்கள். அவர்களிடம் யோசனை கேட்காதீர்கள்.)

10. கடைசி நாள். பல டைவ்கள் முடித்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற வேண்டும். இதில் மட்டும் நானே விளையாடமாட்டேன், நீங்களும் விளையாடாதீர்கள். அந்த நாளில் ராதாநகரில் மாலைச் சூரியனைப் பார்க்கலாம், எலிஃபன்ட் பீச் போகலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பேச்சை வெட்டுங்கள். இன்னும் மூன்றரைக் கிலோ அரிசி பாக்கி இருக்கிறது. காலையில் எலுமிச்சைச் சோறு, மதியம் புளியோதரை, சாயங்காலம் அரிசி உப்புமா. மிஞ்சியதைப் பக்கத்துக் குடிசை வெள்ளைக்காரருக்குக் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே நில்லுங்கள்.

11. சென்னை வந்து இறங்கியதும், பெட்டி வருவதற்குள், விடுதியைப் பற்றிக் கருத்து எழுதுங்கள். கடலைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். ‘அறை பரவாயில்லை. சமையலறையில் மிக்ஸி இல்லை, சட்னி அரைக்க முடியவில்லை. அடிக்கடி கரண்ட் போகிறது. இரண்டு நட்சத்திரம்.’